ஆஸ்துமாவுக்கு மனநல நிபுணரைப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். போகலாமா?

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 38. ஒன்பது வயதிலிருந்து ஆஸ்துமா. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான பியூடெசோனைடு, காற்றுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெரால் இரண்டும் கலந்த இன்ஹேலரை காலையில் இரண்டு பஃப், இரவில் இரண்டு பஃப் எடுக்கிறேன். அவசரத்துக்கு நீல இன்ஹேலர், அதாவது சால்பியூட்டமால். இத்தனை வருடத்தில் இந்த வியாதியோடு வாழப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் சளி பிடித்து, மூன்றாம் நாள் இரவு மூச்சு முட்டி எழுந்தேன். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. கணவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆக்சிஜன், நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில். சரியாகி வீட்டுக்கு வந்தாச்சு. ஆனால் அந்த இரவு என்னை விடவில்லை.

இப்போதெல்லாம் இரவு இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து என் மூச்சையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்க நெஞ்சு இறுகுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, காற்று போதவில்லை என்று தோன்றுகிறது. நீல இன்ஹேலரை அடிப்பேன். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பைப் பார்த்துப் பயந்து இன்னொரு பஃப். அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது, படி ஏறுவதற்கு முன்னாலேயே ஒன்று. மேலதிகாரி கூப்பிட்டால் ஒன்று. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், 11 பஃப்.

டாக்டர் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை எடுத்தார். கிட்டத்தட்ட இயல்பு. "நுரையீரல் மருந்துக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் நீங்கள் மூச்சு விடும் விதமும் உங்கள் பயமும் சேர்ந்து உங்களைப் படுத்துகின்றன" என்று சொல்லி, மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபிஸ்டுக்கும், பயத்தைத் தூண்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் சிபிடி என்ற சிகிச்சைக்கு ஒரு மனநல நிபுணருக்கும் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன வயதில் எனக்கு இளைப்பு வந்தபோதெல்லாம் "வேலை செய்யாமல் இருக்க நடிக்கிறாள்" என்று சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. ஓட்டப்பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்ததற்கு வெயிலில் நிற்க வைத்த ஆசிரியர் உண்டு. முப்பது வருடம் கழித்து ஒரு நுரையீரல் டாக்டரே மனநல நிபுணரிடம் போகச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

இந்தச் சிகிச்சையெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா? இதற்குப் போனால் மருந்தைக் குறைத்துவிடுவார்களா? எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமான கேள்வி: இரவு இரண்டு மணிக்கு என் நெஞ்சு இறுகும்போது அது ஆஸ்துமாவா பயமா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

---

மெதுமூச்சு எழுதியது:

தோழி, நான் சுவாசப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். 16 வருடமாக இதே வேலை.

முதலில் ஒன்று. நீங்கள் சொன்ன அந்த 11 பஃப் விஷயம் டாக்டருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே சொல்லுங்கள். 200 பஃப் உள்ள ஒரு சால்பியூட்டமால் குப்பி அந்தக் கணக்கில் 18 நாளில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு மூன்று குப்பியோ அதற்கு மேலோ போனாலே கடுமையான இளைப்பு வரும் ஆபத்து கூடும் என்றும், 12 குப்பியை எட்டினால் உயிருக்கே ஆபத்து கூடும் என்றும் ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. பயத்தினால் எடுத்தாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

இப்போது உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். உங்கள் டாக்டர் சொன்னதை "உனக்கு ஆஸ்துமா இல்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றுக்குழாய் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளி கட்டுவது ஆஸ்துமா. அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் மருந்து. ஆனால் ஒரு பெரிய இளைப்பைக் கடந்து வந்தவர்களில் பலர் அதன் பிறகு வாயால், மேல் நெஞ்சால், வேகமாக மூச்சு விடப் பழகிவிடுகிறார்கள். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் மரத்துப்போவது, தலை லேசாவது, நெஞ்சு இறுகுவது, எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை என்ற தவிப்பு எல்லாம் அதனால் வரும். நீங்கள் எழுதிய "விரல் நுனி மரத்துப்போகிறது" என்பதைப் படித்ததுமே எனக்கு அதுதான் தோன்றியது. காற்றுக்குழாய் இறுகுவது மட்டும் விரலை மரக்க வைப்பதில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே இரவில் இருக்கலாம், அதுதான் சிக்கல்.

பிசியோவிடம் போனால் அநேகமாக நைமேகன் என்ற 16 கேள்விப் பட்டியலைக் கொடுப்பார்கள். 64க்கு 23க்கு மேல் போனால் மூச்சு விடும் முறையில் கோளாறு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். ஆஸ்துமாவே சில கேள்விகளுக்கு "ஆமாம்" போட வைக்கும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. நீங்கள் பேசும்போது, படி ஏறும்போது மூச்சு எப்படிப் போகிறது என்று பார்ப்பேன்.

என்னிடம் வருபவர்களை முதல் நாளில் மூச்சுப் பயிற்சிக்கு உட்கார வைப்பதில்லை. "உங்கள் இன்ஹேலரை எடுங்கள், எப்படி அடிப்பீர்கள் என்று காட்டுங்கள்" என்பேன். பத்து, இருபது வருடம் அடித்தவர்கள்கூடத் தப்பாக அடிப்பார்கள். அழுத்தி அடிக்கும் குப்பி என்றால் முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய் இருந்தால் இன்னும் நல்லது. பவுடர் இன்ஹேலர் என்றால் தலைகீழ், வேகமாக இழுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் நிறைய பேர். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளிக்க மறக்காதீர்கள். இதைச் சரிசெய்ததிலேயே பாதித் தொல்லை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் பயிற்சி. சாய்ந்து படுத்து, ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் இழுக்க வேண்டும், வயிற்றுக் கை மட்டும் அசைய வேண்டும். ஆழமாக இழுக்கச் சொல்ல மாட்டேன், அதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சின்னதாக, சத்தமில்லாமல், வெளியே விடுவது உள்ளே இழுப்பதை விட நீளமாக. படுத்து வந்தபின் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்து, கடைசியில் படியில். இந்தப் பயிற்சியின் வேர் 1960களில் இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனையில் இருக்கிறது.

பலன் உண்டா என்று கேட்டீர்கள். 2018இல் பிரிட்டனில் 655 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு பிரிவுக்கு பிசியோவோடு நேரில் மூன்று அமர்வு, ஒரு பிரிவுக்கு அதே பயிற்சி டிவிடியிலும் கையேட்டிலும், ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பயிற்சி பெற்ற இரண்டு பிரிவினருக்கும் அன்றாட வாழ்க்கைத் தரம் கூடியிருந்தது. ஆனால் நுரையீரல் செயல்பாட்டின் அளவு மாறவில்லை, காற்றுக்குழாய் வீக்கத்தைக் காட்டும் அளவும் மாறவில்லை. இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை குறையும், வீக்கம் அப்படியே இருக்கும். அதனால் மருந்தை யாரும் குறைக்கப் போவதில்லை, நீங்களும் குறைக்கக் கூடாது.

---

பழைய குப்பி எழுதியது:

சகோதரி, மேலே எழுதியவரின் கடைசி வரியை நான் அடிக்கோடு போடுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்காமல் பட்டவன் நான்.

எனக்கு 61 வயது. ஆறு வருடத்துக்கு முன்னால் புட்டெய்கோ முறை என்ற பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். 1950களில் சோவியத் மருத்துவர் ஒருவர் உருவாக்கியது. மூச்சைக் குறைத்து, மூக்கால் விட்டு, இடையிடையே அடக்கும் முறை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நன்றாகவே இருந்தது. நாளுக்கு ஐந்தாறு பஃப் அடித்தவன் ஒன்றுக்கு வந்தேன். மூன்றாவது வாரம் வகுப்பு நடத்தியவர் "இனி ஸ்டீராய்டு எதற்கு?" என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. நிறுத்திவிட்டேன்.

இரண்டரை மாதம் பிரமாதம். இளைப்பு இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தது. அப்புறம் ஒரு காய்ச்சல். நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். என் மனைவி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த நாலு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு படித்துப் பார்த்தேன். புட்டெய்கோவை நேர்மையாகச் சோதித்த ஆய்வுகளில் நீல இன்ஹேலர் தேவை குறைந்தது, நுரையீரல் செயல்பாட்டின் அளவு மாறவில்லை. எனக்கு நடந்ததும் அதேதான். எனக்கு இன்னும் ஆழமாகப் பதிந்தது 2011இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒருமுறை உண்மையான நிவாரண மருந்து, ஒருமுறை மருந்தே இல்லாத போலி இன்ஹேலர், ஒருமுறை போலி அக்குபங்சர், ஒருமுறை எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். உண்மையான மருந்தில் மூச்சளவு 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான். ஆனால் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மருந்துக்கும் போலிக்கும் அவர்கள் சொன்ன பதில் ஏறக்குறைய ஒன்று. ஏறத்தாழ பாதி அளவு தேவலை என்றார்கள்.

அந்த இரண்டரை மாதம் நான் பொய் சொல்லவில்லை சகோதரி. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. குழாய் உள்ளே வீங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சியை நான் விடவில்லை, இன்றும் காலையில் இருபது நிமிடம் செய்கிறேன். ஸ்டீராய்டை எடுத்து, மீட்டரில் ஊதிப் பார்த்து, அதன் பிறகு.

---

சாளரம் எழுதியது:

அக்கா, நான் சிபிடி போய் வந்தவன். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று தமிழில் சொல்கிறார்கள். எனக்கு 27 வயது, எனக்கும் ஒரு மோசமான இரவு உண்டு.

போவதற்கு முன் உங்களைப் போலவே நினைத்தேன், "என்னைப் பைத்தியம் என்கிறார்கள்". முதல் அமர்விலேயே அந்த அம்மா ஒரு பழைய ஆய்வைச் சொன்னார். 1968இல் ஆஸ்துமா உள்ள 40 பேரை வெறும் உப்புநீர்ப் புகையை முகர வைத்து, "உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் இதில் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். 19 பேருக்குக் காற்றுக்குழாய் நிஜமாகவே இறுகியது, கருவியிலேயே தெரிந்தது. அதில் 12 பேருக்கு முழு இளைப்பே வந்தது. அதே உப்புநீரை மருந்து என்று சொல்லிக் கொடுத்ததும் சரியானது. "இந்த 19 பேரும் நடித்தார்களா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. பயம் நரம்பு வழியாகக் குழாயின் தசையைத் தொடுகிறது. அது உடம்பில் நடப்பது, அக்கா. உங்களை வெயிலில் நிற்க வைத்த ஆசிரியருக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அங்கே என்ன செய்தோம் என்றால், இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதினேன். எத்தனை மணி, எங்கே, உடம்பில் என்ன, மனதில் ஓடிய வாக்கியம் என்ன, பீக் ஃப்ளோ எவ்வளவு, பஃப் எத்தனை. என் நோட்டில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: "இந்த முறை ஆம்புலன்ஸ் வர லேட்டாகிவிடும்." அதை எழுதிப் பார்க்கும் வரை அப்படி ஒரு வாக்கியம் எனக்குள் ஓடுவதே எனக்குத் தெரியாது.

அப்புறம் படிப்படியாகப் பழகுவது. எனக்குப் பேருந்துப் பயணம் பயம். ஏறுவதற்கு முன் பஃப் எடுக்காமல் ஒரு நிறுத்தம், அடுத்த வாரம் இரண்டு. இன்ஹேலர் பையில் இருக்கும், அதை யாரும் பிடுங்கவில்லை.

பதற்ற நோய் மட்டும் உள்ளவர்களிடம் "மூச்சு முட்டுவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிப் பழக்குவார்கள். நமக்கு அப்படிச் சொல்லக் கூடாது, நமக்கு ஆகும். ஆஸ்துமாவைப் புரிந்த நிபுணர் என்றால் உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த செயல்திட்டத்தை மேசையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். எந்த அளவு வரை காத்திருக்கலாம், எந்த அளவில் மருந்து, எந்த அளவில் ஆஸ்பத்திரி என்று. அது தெரியாத ஒருவரிடம் முதலில் போய் நான் இரண்டு அமர்வு வீணாக்கினேன். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

சிபிடிக்கு ஆதாரம் பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்தபோது பெரியவர்களிடம் நடந்த ஒன்பது ஆய்வுகள், மொத்தமே 407 பேர். வாழ்க்கைத் தரமும் கட்டுப்பாடும் கொஞ்சம் மேம்பட்டன, பதற்றம் குறைந்தது, ஆனால் உறுதியாகச் சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும் என்றார்கள். எனக்குப் பலன் கொடுத்தது.

---

மாடிப்படி எழுதியது:

இரவு முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்தேன். அந்த 19 பேர் கதையைக் கணவருக்கும் படித்துக் காட்டினேன். உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

டாக்டரை நாளை கூப்பிட்டு 11 பஃப் விஷயத்தைச் சொல்கிறேன். அவரிடம் வெட்கப்பட்டு "நாலைந்து" என்றுதான் சொல்லியிருந்தேன்.

பீக் ஃப்ளோ மீட்டர் வீட்டில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அதை நம்பலாமா?

---

மெதுமூச்சு எழுதியது:

நம்பலாம், ஆனால் தனியாக அல்ல. நன்றாக இருக்கும் இரண்டு வாரம் காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, அதில் வந்த அதிகபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். பொதுவாக 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50க்கும் 80க்கும் நடுவே மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு. உங்களுக்கான எல்லையை டாக்டர் எழுதித் தர வேண்டும்.

இரவில் எழுந்தால் உட்கார்ந்து ஊதுங்கள். பச்சையில் இருந்தால் ஐந்து நிமிடம் அந்தச் சின்ன மூச்சு, பிறகு மறுபடி ஊதுங்கள். மஞ்சள் என்றால் பயிற்சி வேண்டாம், திட்டப்படி மருந்து. ஆஸ்துமா உள்ள பலருக்கு பின்னிரவில் அளவு கொஞ்சம் இறங்கும், அதனால் இரண்டு மணி எண் காலை எண்ணை விடக் குறைவாக இருந்தால் பதறாதீர்கள். ஆனால் அது மஞ்சளில் இருந்தால் திட்டத்தைப் பின்பற்றுங்கள், திரும்பத் திரும்ப அப்படி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பேச முடியாமல் திணறினால், கழுத்துக் குழி உள்ளே இழுத்தால், உதடு நீலமானால் மீட்டரைத் தேடவே வேண்டாம். மருந்தை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

---

மாடிப்படி எழுதியது:

ஏழு வாரம் ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் நீல இன்ஹேலரை நிறுத்திவிட்டு, காலை இரவு எடுக்கும் அதே இன்ஹேலரையே அவசரத்துக்கும் எடுக்கச் சொன்னார், ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்ற எல்லையோடு. அதில் ஸ்டீராய்டும் சேர்ந்தே போகிறது என்பதால் பாதுகாப்பு கூடுதலாம். பிசியோ முதல் நாளே நான் இன்ஹேலரைத் தப்பாக அடிப்பதைக் கண்டுபிடித்தார். அழுத்திய பிறகு ஒரு விநாடி கழித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை வருடமாகவோ. நைமேகன் மதிப்பெண் 31.

என் அதிகபட்ச அளவு 400. முதல் வாரத்தில் ஐந்து இரவு எழுந்தேன், ஐந்திலும் 350க்கு மேல். நெஞ்சு அப்படி இறுகியிருந்தபோது மீட்டரில் 370 பார்த்த முதல் இரவை என்னால் மறக்க முடியாது. கணவரை எழுப்பி அந்த எண்ணைக் காட்டினேன். ஆனால் நாலாவது வாரம், தும்மல் தொடங்கியிருந்த ஒரு நாள், இதே இறுக்கம்தான், ஊதினால் 290. அது மஞ்சள். திட்டப்படி ஒரு பஃப் எடுத்தேன், கால் மணி நேரத்தில் 345. இரண்டு இரவும் உள்ளே ஒரே மாதிரிதான் இருந்தது. மீட்டர் இல்லாவிட்டால் எனக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது.

மனநல நிபுணரிடம் நாலு அமர்வு முடிந்திருக்கிறது. செயல்திட்டத்தைப் பற்றி சாளரம் தம்பி சொன்ன கேள்வியை முதலிலேயே கேட்டேன், அவர் என் திட்டத்தை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். என் நோட்டில் வந்த வாக்கியம் வேறு: "சொன்னால் நம்ப மாட்டார்கள்." அதை வாய்விட்டுப் படித்த அன்று நிறைய அழுதேன்.

படி இப்போது இரண்டு மாடி வரை முன்கூட்டிய பஃப் இல்லாமல் ஏறுகிறேன். மூன்றாவதுக்கு நடுவில் உள்ள தளத்தில் நின்று, மூக்கால் ஐந்து மூச்சு, பிறகு மேலே. கூடுதல் பஃப் போன வாரம் முழுவதும் சேர்த்து இரண்டு. இரவு விழிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது.

பழைய குப்பி ஐயா, காலைப் பயிற்சிக்கு முன்னால் நானும் இன்ஹேலர், மீட்டர் என்ற அதே வரிசையில்தான் செய்கிறேன். இரண்டையும் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.